பழைய மென்பொருளைக் கூடிப் புதுப்பித்தல்

சங்கங்களின் பேரேடும் ரொக்கப் புத்தகமும் கணினிக்குள் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நூல் இருப்பு, நெசவுக் கூலி, பங்குத் தொகை, பயிர்க்கடன், வட்டி, தவணை ஆகிய யாவற்றையும் மென்பொருள் என்னும் கட்டளைத் தொகுப்பே இன்று பல சங்கங்களில் கணக்கிட்டுத் தருகிறது. அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தில் அச்சாகும் தொகை அது சொல்லும் தொகையே. ஆகவே, அம்மென்பொருள் பழமையடைந்தால் அதனை எவ்விதம் புதுப்பிப்பது, யார் புதுப்பிப்பது, அதற்கான அறிவு யாரிடம் இருக்கிறது என்னும் கேள்விகள் கணினி வல்லுநருக்கு மட்டும் உரியவையல்ல. தம் பணத்தைச் சங்கத்தில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

தறியின் அச்சு தேயும். நாடாவின் முனை மழுங்கும். மென்பொருளோ தேய்வதில்லை. 40 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டளை, அன்று செய்ததையே இன்றும் சிறிதும் பிசகாமல் செய்யும். அதற்குப் பழமை சுற்றியுள்ளவற்றால் வருகிறது. அது ஓடிய யந்திரம் உற்பத்தியில் இல்லாமற்போகிறது. சட்டமும் வட்டி விகிதமும் மாறுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை எழுதியவரும் அதன் உட்பொருளை அறிந்தவரும் ஓய்வு பெற்றுச் சென்றுவிடுகின்றனர். இத்தகைய மென்பொருளை 'லெகசி' என்று அத்துறையினர் வழங்குவர். முன்னோர் விட்டுச்சென்ற ஆஸ்தி என்பது அச்சொல்லின் பொருள். பாட்டனார் ஆஸ்தி என்றால் வீட்டோடு வீட்டின் மேலுள்ள கடனும் சேர்ந்தே வருவது உண்டல்லவா? இதுவும் அவ்வாறே.

பழையதை எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் உள்ள இடர் வெளிப்பார்வைக்குப் புலப்படாது. ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் 5,000 ரூபாய் வைப்பு வைத்திருக்கிறார். ஒரு மாத வட்டி 29.1666 என்று முடிவின்றி நீளும். இதனை 29 ரூபாய் 16 காசு என்று எழுதுவதா, 17 காசு என்று எழுதுவதா? பழைய மென்பொருள் மிகுதியை வெட்டிவிட்டு 16 என்றே பல்லாண்டு எழுதி வந்திருக்கலாம். புதிதாக எழுதுபவர், பள்ளிக்கூடத்தில் கற்ற முறைப்படி, 17 என்று அமைத்துவிடுவார். இருவரும் தவறிழைத்தவரல்லர். ஆயினும், இதே அளவு வைப்புள்ள 2,000 பேர் இருப்பின், பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் மாதம் 20 ரூபாய் வேறுபடும். தொகை அற்பமே. ஆனால் கணக்கு நேராகாது. தணிக்கையாளர் வினவும்போது காரணம் சொல்ல ஆள் இராது. இவ்வாறான நூற்றுக்கணக்கான சிறு முடிவுகள் பழைய மென்பொருளினுள் புதைந்து கிடக்கின்றன. பெரும்பாலான இடங்களில் அவை வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. விதிப்புத்தகமும் அதுவே, விதியை நிறைவேற்றுவதும் அதுவே.

பல பெரிய வங்கிகளும் அரசாங்க அலுவலகங்களும் இன்றும் நம்பியிருக்கும் பழைய மென்பொருள்களில் கணிசமான பகுதி 'கோபால்' என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. (நம் ஊர்ப் பெயர்போல் ஒலிப்பினும், 'வணிக நோக்குடைய பொதுமொழி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது.) மிகுதியை அண்மைக் காசுக்குத் திருத்தும்படி தனியே கட்டளையிட்டாலன்றி அம்மொழி அதனை வெட்டிவிடும். மேலும், நாம் எழுதும் பதின்ம முறையிலேயே ரூபாயையும் காசையும் கணக்கிட அதில் வசதியுண்டு. பிற்காலத்து மொழிகள் பல, பின்னங்களை இரும முறையில் வைத்துக்கொள்கின்றன. பதின்ம முறையில் மூன்றில் ஒரு பங்கை முடிவாக எழுத இயலாததுபோல, இரும முறையில் பத்துக் காசைத் துல்லியமாக எழுத இயலாது. இதற்கென உள்ள தனி வசதிகளை அறியாமல் ஒருவர் வட்டிக் கணக்கைப் புதிய மொழிக்கு மாற்றினால், காசுகள் மெல்லக் கசியத் தொடங்கும்.

இங்கே நெசவாளர்களுக்கு உரிய ஒரு செய்தியையும் சொல்லிவிடலாம். பழைய கோபால் கட்டளை வரி ஒவ்வொன்றும் 80 கட்டங்களுக்குள் அடங்கும். முதல் 6 கட்டங்கள் வரிசை எண்ணுக்கு உரியவை. 73 முதல் 80 வரையுள்ளவை அடையாளக் குறிப்புக்கு. அக்காலத்தில் ஒவ்வொரு வரியும் துளையிட்ட ஓர் அட்டையாக இருந்ததே காரணம். கட்டு கைதவறிச் சிதறினால், எண்ணைப் பார்த்து மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். 1830-களில் கணக்கு யந்திரம் ஒன்றைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், துளை அட்டையைக் கொண்டு யந்திரத்துக்கு ஆணையிடும் முறையை ஜக்கார்டு தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார். சேலையில் பூ வைக்க அட்டை கோத்துப் பழகிய கைகளுக்கு இது அந்நிய வித்தையன்று. அட்டையிலும் யந்திர நினைவிலும் இடம் அருமையாக இருந்தமையால் ஆண்டினை இரண்டே இலக்கங்களில் எழுதினர். 1999 முடிந்து 2000 பிறக்கும் தறுவாயில் உலகெங்கும் அதைத் திருத்த நேர்ந்ததும், அவ்வேலையில் ஒரு நல்ல பங்கு இந்திய நிறுவனங்களுக்குக் கிடைத்ததும் பலர் அறிந்ததே.

ஒவ்வொருவரும் தத்தம் பழைய மென்பொருளைத் தனித்தனியே மாற்றி எழுதுவது எவ்வளவு பெரிய விரயம் என்பதைக் கணினி யுகத்தின் தொடக்கத்திலேயே சிலர் உணர்ந்தனர். அவர்கள் செய்தது கூட்டுறவாளர் அனைவரும் அறியத்தக்கது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 701 என்னும் கணினி 1953 முதல் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது. மொத்தம் 19 யந்திரங்களே செய்யப்பட்டன. அவற்றில் பல, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்த ஆகாய விமானத் தொழிற்சாலைகளில் இயங்கின. ஒவ்வொரு தொழிற்சாலையும் அதே வர்க்கமூலக் கணக்கையும், அதே அச்சிடும் கட்டளையையும், பிழை கண்டுபிடிக்கும் அதே உபாயத்தையும் தன் ஆட்களைக் கொண்டு தனித்தனியே எழுதியது. 1954-ல் 704 என்னும் புதிய கணினி அறிவிக்கப்பட்டது. வேகமும் வசதியும் மிக்கது. ஆனால் 701-க்கு எழுதிய எதுவும் அதில் ஓடாது! எல்லாரும் எல்லாவற்றையும் மறுபடி எழுதவேண்டிய நிலை.

லாக்ஹீட், டக்ளஸ், நார்த் அமெரிக்கன் ஆகிய கம்பெனிகள் விமான விற்பனையில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். எனினும், 1954-ன் இறுதியிலேயே இவற்றின் கணினி ஆட்கள் ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடும் வேறு சிலரோடும் கூடி, 701-க்கான ஒரு பொதுக் கட்டளை முறையைச் சேர்ந்து எழுத முற்பட்டிருந்தனர். அந்த அனுபவம் அவர்களுக்குத் துணிவு தந்தது. 1955 ஆகஸ்டு மாதம், ராண்ட் நிறுவனத்தில் 704 கணினியை வாங்கவிருந்தோர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு இட்ட பெயர் 'ஷேர்', அதாவது பகிர்தல். நம் சங்கங்களில் பங்கு என்று சொல்வதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

அச்சங்கம் செய்த முதல் காரியம், எந்தக் குறியீட்டு முறையில் எழுதுவது என்பதை ஒன்றாக முடிவு செய்தது. யுனைடெட் ஏர்கிராப்ட் கம்பெனியில் ராய் நட் என்பவர் எழுதியிருந்த மாற்றியை எல்லார்க்கும் பொதுவானதாக ஏற்றனர். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. தன் வீட்டில் எழுதியதே சிறந்தது என்னும் அபிமானம் எல்லாக் கைவினைஞர்க்கும் உண்டு. கணினிக் கைவினைஞர்க்குச் சற்று அதிகமாகவே உண்டு. அதன்பின் வேண்டிய கட்டளைகளைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவர் எழுதியது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. விமானத்தின் வரைபடத்தை அவர்கள் பகிரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதில் போட்டியோ அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, எதில் போட்டியில்லையோ அதை மட்டும் பொதுவாக்கினர். 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கனும் சேர்ந்து 704-க்கு எழுதிய மேற்பார்வைக் கட்டளைத் தொகுப்பு, இன்று 'இயக்க முறைமை' என்று நாம் வழங்குவதன் முதல் வடிவங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 'ஷேர்' சங்கம் இன்றும் நடைபெற்று வருகிறது.

கோபால் மொழியும் இத்தகைய கூட்டு முயற்சியில் பிறந்ததே. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகத்தில் கணினி செய்வோரும் பயன்படுத்துவோரும் கூடி, எந்தக் கம்பெனியின் யந்திரத்திலும் ஓடக்கூடிய ஒரு பொது மொழி வேண்டுமென முடிவு செய்தனர். கிரேஸ் ஹாப்பர் என்னும் பெண்மணியின் முந்தைய படைப்பு அதற்குப் பெரிதும் வழிகாட்டியது. 1960 டிசம்பரில் ஒரே கட்டளைத் தொகுப்பு, வெவ்வேறு கம்பெனிகளின் இரு யந்திரங்களில் ஏறக்குறைய மாற்றமின்றி ஓடிக் காட்டியது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில், நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்பி, கோபால் தெரிந்தவர்கள் தாமாக முன்வந்து உதவ வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். கொரோனாவினால் வேலையிழந்து உதவித்தொகைக்கு முதன்முறையாக மனுச் செய்தோர், அமெரிக்கா முழுவதும் ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கு மேலிருந்த காலம் அது. லினக்ஸ் அறக்கட்டளையைச் சார்ந்த ஓப்பன் மெயின்பிரேம் திட்டமும் ஐ.பி.எம். நிறுவனமும் அம்மாதமே உதவ விரும்பும் வல்லுநரின் பட்டியலைத் தொடங்கி, யாவரும் இலவசமாகக் கற்கத்தக்க கோபால் பாடத்தையும் வெளியிட்டன.

போற்றத்தக்க முயற்சியே. எனினும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மொழியறிவு வேறு, விதியறிவு வேறு. கோபால் கற்பது கடினமன்று. கட்டளை என்ன செய்கிறது என்பதை வெளியூர் வல்லுநர் படித்துச் சொல்லிவிடுவார். அது ஏன் அவ்வாறு செய்கிறது, எந்த ஆண்டின் எந்த உத்தரவால் அவ்வரி சேர்க்கப்பட்டது, இன்று அதை நீக்கினால் யாருக்கு நஷ்டம் என்பவற்றைச் சொல்ல, அந்த அலுவலகத்தில் காலமெல்லாம் மனுக்களைப் பரிசீலித்த எழுத்தரே வேண்டும். புதுப்பிக்கும் வேலைக்கு வல்லுநரை மட்டும் அழைத்து, எழுத்தரை வெளியே நிறுத்தும் இடங்களில்தான் பணமும் காலமும் வீணாகின்றன என்பது என் கருத்து.

வேறு சில மாநிலங்கள் முன்னரே கூட்டுவழியை நாடியிருந்தன. மிசிசிப்பி மாநிலம் உருவாக்கிய உதவித்தொகை மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, மெயின் மாநிலம் 2017 டிசம்பரிலும், கனெக்டிகட் மாநிலம் 2022 ஜூலையிலும் தத்தம் புதிய அமைப்பைத் தொடங்கின. கனெக்டிகட்டில் அதுவரை ஓடிய மென்பொருள் ஏறக்குறைய 40 ஆண்டுப் பழமையானது. ஒரு மாநிலம் செய்த திருத்தம் மற்றவற்றுக்கும் பயன்படும். பராமரிப்புச் செலவும் பங்கிடப்படும். ஆனால் மெயின் மாநிலத்தில் தொடக்கத்தில் பெருத்த புகார்கள் எழுந்தன. மனுதாரர் பலர் புதிய அமைப்பினுள் நுழையவே இயலாது தவித்தனர். பக்கத்து வீட்டுச் சட்டை நல்ல சட்டையாகவே இருக்கலாம். தோளளவைப் பார்த்துக்கொள்ளாமல் அணிந்தால் தையல் விடும்.

பெரிய பணம் இருந்தாலும் இடறக்கூடும் என்பதற்குப் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி சான்று. 2018 ஏப்ரலில் அவ்வங்கி தன் 50 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைத் தாய் வங்கியின் மென்பொருளைத் தழுவிய புதிய அமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தம் கணக்கைத் திறக்க இயலாமற்போயினர். 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் விதித்தன.

எனவே, ஒரே நாளில் மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்றும் முறையையே அனுபவஸ்தர் பலர் விரும்புகின்றனர். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நமக்கு மிகவும் பழகிய ஒரு காட்சியிலிருந்து வருகிறது. பனையின் மட்டை இடுக்கில் பறவை இட்ட ஆலம் விதை முளைத்து, வேர்களை மெல்ல இறக்கி, மண்ணைத் தொட்டபின் பருத்து, பனையையே சூழ்ந்துகொள்வதை ஊர்ப்புறங்களில் பார்த்திருப்போம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காடுகளில் இவ்வினத்து மரங்களைக் கண்ட மார்ட்டின் பவுலர் என்னும் மென்பொருள் அறிஞர், 2004-ல் பழைய மென்பொருளை மாற்றும் முறைக்கு இதனை உவமையாக்கினார். முதலில் வைப்புக் கணக்கை மட்டும் புதிய அமைப்புக்குக் கொணர்வது. கடன் கணக்கு பழையதிலேயே ஓடட்டும். வைப்பு நிலைபெற்றபின் கடன். அதன்பின் பங்குத் தொகை. இடையில் எங்கேனும் பிசகினால் பழைய பனை இன்னும் நிற்கிறது. பழுது ஒரு பகுதியோடு நிற்கும்.

ஒவ்வொரு பகுதியையும் மாற்றுமுன் செய்யவேண்டிய முக்கிய வேலை ஒன்றுண்டு. பழைய மென்பொருளுக்குப் பற்பல உண்மையான கணக்குகளைக் கொடுத்து, அது தரும் விடையை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விடை சரியா, தவறா என்பது அப்போதைக்கு வேண்டாம். புதியதற்கும் அதே கணக்குகளைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். 16 காசுக்கும் 17 காசுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் அகப்படும். அகப்பட்டபின், எது சரியென்று தீர்மானிப்பது வல்லுநரின் அதிகாரமன்று. சங்க நிர்வாகிகள் துணைவிதியைப் பார்த்து முடிவு செய்து, அதனைத் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்.

நம் நாட்டில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரு பொது மென்பொருளின் கீழ் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் 29-ல் 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கியின் பொறுப்பில் நடைபெறும் இதில், மாநிலங்களின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் வட்டார மொழிகளில் வழங்கவும் இடமுண்டு. முன்னரே கணினி வைத்துக்கொண்ட சங்கங்கள், பொது மென்பொருளோடு இணைய உடன்பட்டு நிபந்தனைகளை நிறைவு செய்தால், சங்கத்துக்கு 50,000 ரூபாய் ஈடுசெய்யப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. நெசவாளர் சங்கங்கள் இத்திட்டத்தின் வரம்பில் வரவில்லை. ஆனால் அருகருகேயுள்ள பத்துச் சங்கங்கள் கூடி ஒரு வல்லுநரை நியமித்துக்கொள்வதை யார் தடுக்கிறார்கள்? தனித்தனியே பத்து வியாபாரிகளிடம் பத்து ஒப்பந்தம் செய்துகொள்வதைவிட இது சிக்கனமானது. பத்துக் காரியதரிசிகளும் மாதம் ஒருமுறை அமர்ந்து, தத்தம் சங்கத்தில் கண்ட சிக்கல்களை ஒரே நோட்டில் எழுதினால், அந்நோட்டு எந்த வல்லுநரின் அறிவுக்கும் குறைந்ததாகாது.

அந்நோட்டில் எழுதவேண்டியவை வழக்கமான கணக்குகளல்ல. அவற்றை எவரும் சரியாகவே செய்வர். பிப்ரவரி 29-ல் தொடங்கிய வைப்பு, காலமான அங்கத்தினரின் பங்கு வாரிசுகள் மூவருக்குப் பிரிந்தது, தவணைக்கு முன் பாதிக் கடன் திரும்பியது, பாவு வாங்கிச் சென்ற நெசவாளர் நோயுற்று இன்னொருவர் நெய்து முடித்த சேலைக்குக் கூலி பிரித்தது போன்றவையே அதில் இடம்பெற வேண்டும். 2021-ல் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. தள்ளுபடியான கணக்குகளில், பணம் வராமலே கடன் தீர்ந்ததாகப் பதிவுகள் இருக்கும். புதிய மென்பொருள் இவற்றை எவ்வாறு படிக்கும் என்று முன்கூட்டியே சோதித்தறிய வேண்டும். பிற சங்கங்களுக்கு இவ்வுதாரணங்களைக் கொடுக்கும்போது அங்கத்தினரின் பெயர், கணக்கு எண், ஆதார் எண் ஆகியவற்றை நீக்கிவிடுவது அவசியம். பகிரவேண்டியது சிக்கலின் தன்மையேயன்றி, சிக்கலுக்குள்ளானவரின் விவரமன்று.

ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் மகாசபையில் அங்கத்தினர் கேட்கத்தக்க கேள்விகள் சில உள. நம் கணக்குகளின் முழுப் பிரதி, வேறெந்த மென்பொருளும் படிக்கத்தக்க வடிவில், வேண்டும்போதெல்லாம் நமக்குக் கிடைக்குமா? மூலக் கட்டளைகள் யாருக்குச் சொந்தம்? அந்த வியாபாரி தொழிலை விட்டால் அவை நம் கைக்கு வருமா? நம் செலவில் செய்த திருத்தத்தை அடுத்த சங்கத்துக்குக் கொடுக்க நமக்கு உரிமையுண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லையென்று விடை வந்தால், அந்த ஒப்பந்தத்தை மறுபடி படித்துப் பார்ப்பது நல்லது.

புதிய அமைப்பு ஓடத் தொடங்கியதும் பழைய யந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடும் அவசரம் பல இடங்களில் காணப்படுகிறது. ஒரு மார்ச் 31 கணக்கு முடிப்பும் அதன் தணிக்கையும் கழியும் வரையாவது இரண்டையும் இணையாக வைத்திருக்க வேண்டும். அதன்பின்னும் பழைய பதிவுகளைப் படிப்பதற்கு மட்டும் திறக்கும்படி, இரண்டு பிரதிகளாக, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் பாதுகாப்பது தகும். 2009-ல் வைத்த வைப்பின் ரசீதை அலமாரியிலிருந்து கண்டெடுத்து, 2040-ல் ஒரு வாரிசுதாரர் சங்கப் படியேறி வரக்கூடும்.